மூன்று தேதிகள், ஒரு சதுக்கம்

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் உலகப் போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "விலைவாசி ஏறி, சொந்த நாட்டில் செல்வாக்குப் போய்விட்டால் ஆட்சியில் இருப்பவர்கள் போர் தொடங்கிவிடுவார்கள் என்று என் அப்பா சொல்கிறார். அது உண்மையா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். என்ன சொல்லட்டும்? (ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனின் அப்பா டீக்கடையில் பேசியிருந்தாலும் வயல் வரப்பில் பேசியிருந்தாலும், பல்கலைக்கழகங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் ஒரு விவாதத்தைத்தான் பேசியிருக்கிறார். சிரித்த மாணவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். உள்நாட்டுச் சிக்கலிலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்புவதற்காக வெளியே ஒரு போரைத் தொடங்குவது என்ற கருத்துக்கு எங்கள் துறையில் தனிப் பெயரே உண்டு. அதை ஆதரித்தும் மறுத்தும் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் உங்கள் பள்ளி நூலகத்தின் அலமாரி ஒன்று நிறையும்.

ஆனால் அவர் சொன்னது பாதிதான். விலைவாசி ஏறிய நாடுகள் எல்லாம் போருக்குப் போயிருந்தால் இந்நேரம் உலகில் ஒரு நாடும் மிஞ்சியிருக்காது. மீதிப் பாதியைச் சொல்ல நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 1982இல் அர்ஜென்டினாவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த ஃபாக்லாந்து போர். எழுபத்து நான்கே நாள் நடந்தது. இரண்டு பக்கத்து ஆட்சியாளர்களும் உள்நாட்டில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த நாளில் எதை முடிவு செய்தார்கள் என்பதும் பின்னால் பெருமளவு வெளியே வந்துவிட்டது. வகுப்பறைக்கு இதைவிட வசதியான போர் கிடைக்காது.

கதையை முதலில் வழக்கமாகச் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று தளபதிகளும் சேர்ந்த குழுவின் ஆட்சி. எதிர்த்துப் பேசியவர்கள், பேசக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள், அவர்களுடைய நண்பர்கள் எனப் பலர் இரவில் தூக்கிச் செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. மக்களாட்சி திரும்பியபின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 8,961 பேரின் கணக்கை எழுதியது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் 1977 முதல் வியாழக்கிழமைதோறும் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, தலைநகர் புவெனஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். இந்தச் சதுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் அங்கேதான் திரும்பத் திரும்ப வரப்போகிறோம்.

1981இல் அங்கே பணவீக்கம் நூறு சதவீதத்தைத் தாண்டியது. ஆலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் தரைப்படைத் தளபதி கால்தியேரி சக தளபதி ஒருவரை ஓரங்கட்டிவிட்டு அதிபரானார். 1982 மார்ச் 30 அன்று தொழிற்சங்கங்கள் "அமைதி, உணவு, வேலை" என்ற முழக்கத்தோடு மாயோ சதுக்கத்தை நோக்கி ஊர்வலம் போயின. கண்ணீர்ப்புகை, தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. மென்டோசா நகரில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி இறந்தார். மூன்றே நாளில், ஏப்ரல் 2 அன்று, தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினப் படை இறங்கியது. அர்ஜென்டினர்களுக்கு அவை மால்வினாஸ் தீவுகள். 1833இல் பிரிட்டன் தங்களிடமிருந்து பறித்துக்கொண்டது என்று ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்கூடத்தில் படித்து வளரும் தீவுகள். செய்தி வந்ததும் அதே மாயோ சதுக்கம் நிரம்பி வழிந்தது. இந்த முறை தடியடி இல்லை. கொடிகளும் தேசிய கீதமும்தான். கால்தியேரி மாளிகையின் பால்கனியில் நின்று கையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை அடி வாங்கிய கூட்டம் வெள்ளிக்கிழமை கைதட்டுகிறது. வகுப்பில் இதைச் சொல்லி நிறுத்தினால் மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். பையனின் அப்பா சொன்னது நிரூபணமாகிவிட்டதைப் போலவும் இருக்கும்.

அப்படித்தான் நானும் ஓர் ஆண்டு பெருமையாகச் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தூத்துக்குடிக்காரன், அவனுடைய அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலை பார்ப்பவர். "சார், செவ்வாய்க்கிழமை ஊர்வலம், வெள்ளிக்கிழமை தீவில் படை என்கிறீர்கள். கப்பலில் மூட்டை ஏற்றவே இரண்டு நாள் ஆகுமே?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை நூலகத்துக்குப் போய்த் தேதிகளைத் தேடினேன். இத்தனை காலம் தவறாக நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஊர்வலம் நடந்த மார்ச் 30 அன்று படைக்கப்பல்கள் நடுக்கடலில் இருந்தன. மார்ச் 28 அன்றே அவை புவெர்தோ பெல்கிரானோ கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிவிட்டன. ஏப்ரல் 1 அன்றே இறங்கியிருக்க வேண்டியவர்கள், புயலால் ஒரு நாள் தாமதமானார்கள். படையை அனுப்புவது என்ற முடிவு மார்ச் 26 அன்று எடுக்கப்பட்டது. திட்டம் அதற்கும் முந்தையது. கால்தியேரி பதவியேற்ற சில வாரங்களிலேயே ரகசியக் குழு ஒன்று வேலையைத் தொடங்கிவிட்டது. கடற்படைத் தளபதி அனாயாவுக்கு மால்வினாஸ் நெடுநாள் கனவு. கால்தியேரி அதிபராக அவர் துணை நின்றதற்குக் கைம்மாறே இந்தத் திட்டம் என்று சொல்பவர்களும் உண்டு. 1983 ஜனவரியில் தீவுகள் பறிபோய் 150 ஆண்டு நிறைகிறது. அதற்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

ஆக, ஊர்வலத்தைப் பார்த்து மிரண்டு போரை அறிவித்தார்கள் என்பது தேதியோடு ஒட்டாத கதை. அதற்காக உள்நாட்டு அரசியலுக்கு இதில் பங்கே இல்லை என்று தாவிவிடக் கூடாது. பங்கு உண்டு. நாம் நினைக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

திட்டப்படி மே மாத நடுப்பகுதிக்கு முன்னால் இறங்குவதாக இல்லை. காத்திருந்தால் அவர்களுக்குத்தான் லாபம். பிரான்ஸிடம் வாங்கிய சூப்பர் எதாந்தார் விமானங்கள் பதினான்கில் ஐந்துதான் வந்திருந்தன. அவற்றில் பொருத்தும் எக்ஸோசெட் ஏவுகணைகளும் ஐந்தேதான். கட்டாய ராணுவ சேவையில் பயிற்சி முடித்த இளைஞர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், புதியவர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். தென்கோளத்தில் குளிர்காலம் வரட்டும் என்று விட்டிருந்தால் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கடலில் படாத பாடு பட்டிருக்கும். பிறகு ஏன் அவசரம்? மார்ச் 19 அன்று, பிரிட்டன் வசமிருந்த இன்னொரு தீவான தெற்கு ஜார்ஜியாவில், பழைய திமிங்கில ஆலையின் இரும்பை விலைக்கு எடுத்திருந்த ஒரு வியாபாரியின் ஆட்கள் அர்ஜென்டினக் கொடியை ஏற்றினார்கள். லண்டன் கண்டித்தது. இந்த நிலையில் பின்வாங்கினால் சொந்தப் படை அதிகாரிகள் முன்னாலும் மக்கள் முன்னாலும் முகம் காட்ட முடியாது என்று ஆட்சிக்குழு நினைத்தது. வேறு ஒரு கவலையும் இருந்தது: பிரிட்டன் விழித்துக்கொண்டு கப்பல் அனுப்பிவிட்டால் திட்டமே பாழ். செல்வாக்கோடு இருக்கும் அரசு என்றால் பழைய இரும்புக்காரரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, மே மாதம் வரை சும்மா இருந்திருக்கும். செல்வாக்கு இல்லாதவர்களால் சும்மா இருக்க முடியவில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

முதல் திட்டம் போர் செய்வதே இல்லை. தீவைப் பிடிப்பது, சில நூறு பேரைக் காவலுக்கு விட்டுவிட்டுப் படையைத் திரும்ப அழைப்பது, பிறகு கையில் தீவை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு உட்காருவது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி, 1,800 பேர் வாழும் தீவுக்காக பிரிட்டன் வராது என்று கணக்கிட்டார்கள். ஏப்ரல் 2 அன்று சதுக்கத்தில் கூட்டம் திரண்டது. ஏப்ரல் 7 அன்று தீவில் புதிய ஆளுநர் பதவியேற்றபோது, அந்த விழாவுக்கு விமானம் ஏறிப் போனவர்களில் தொழிற்சங்கத் தலைவர் உபால்தினியும் ஒருவர். எட்டு நாள் முன்புதான் அவரை இதே அரசு கைது செய்திருந்தது! ஏப்ரல் 10 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க் சமரசம் பேச புவெனஸ் அயர்ஸில் இருக்கும்போதே சதுக்கத்தில் மீண்டும் பெருங்கூட்டம். கால்தியேரி பால்கனிக்கு வந்து, அவர்கள் வர விரும்பினால் வரட்டும், போரிட்டுக் காட்டுவோம் என்ற பொருளில் முழங்கினார்.

அந்த நிமிடத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு படையைத் திரும்ப அழைப்பார்? புலிவாலைப் பிடித்த கதைதான். பிடித்துக்கொண்டு ஓடவும் முடியாது, விடவும் முடியாது. சில நூறு பேர் என்ற காவல்படை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையாக வளர்ந்தது. அவர்களில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள். வெப்பமான வட மாகாணங்களிலிருந்து வந்து, ஈரமும் குளிரும் ஊறிய பதுங்குகுழிகளில் அரைப்பட்டினி கிடந்தவர்களும் அதில் உண்டு. ஹெய்க்குக்கு இன்னொரு தலைவலி. ஒரு தளபதி ஒப்புக்கொண்டதை இன்னொருவர் மறுத்தார். மூவரும் ஒப்புக்கொண்டால் கீழே உள்ள தளபதிகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். சர்வாதிகாரி என்றால் நினைத்ததை நினைத்தபடி செய்பவர் என்று மாணவர்கள் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தை இங்கே கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். தேர்தல் இல்லாத நாட்டிலும் ஓட்டு உண்டு. அது படை முகாம்களில் இருக்கிறது.

உள்நாட்டு அரசியல் ஆட்சியாளரைப் போருக்குள் தள்ளிவிடுவது எப்போதாவது நடக்கலாம். உள்ளே போனவர் திரும்பாதபடி வெளியே தாழ்ப்பாள் போடுவதை மட்டும் அது தவறாமல் செய்யும். என் பதில் இதுதான்.

பிரிட்டன் பக்கமும் இதே கதைதான். மார்கரெட் தாட்சர் அப்போது மக்களிடம் செல்வாக்கு இழந்திருந்த பிரதமர். 1981 கோடையில் நகரங்களில் கலவரம், 1982 ஜனவரியில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. புதிதாகத் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சி இடைத்தேர்தல்களில் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் தெற்கு அட்லாண்டிக்கில் இருந்த ஒரே ரோந்துக் கப்பலான என்டியூரன்ஸைத் திரும்பப் பெறுவதாக 1981இல் அறிவித்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் இன்வின்சிபிளை ஆஸ்திரேலியாவுக்கு விற்கவும் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தீவுவாசிகளில் பலருக்கு முழுக் குடியுரிமையை மறுத்தது. லண்டனுக்கு இவை பட்ஜெட் கணக்குகள். புவெனஸ் அயர்ஸில் இருந்து பார்த்தவர்களுக்கு, கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உள்நாட்டுக் கணக்கு இப்படியும் போரைக் கொண்டுவரும். போரை யாரும் விரும்பியே இருக்க வேண்டியதில்லை.

மார்ச் 31 மாலை, கடற்படைத் தலைவர் ஹென்றி லீச் சீருடையில் நாடாளுமன்றத்துக்கு வந்து, படையை அனுப்ப முடியும், அனுப்ப வேண்டும் என்று தாட்சரிடம் சொன்னார். அந்த அரசின் சிக்கனத் திட்டத்தில் அதிகம் வெட்டுப்பட இருந்தது லீச்சின் கடற்படைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நாட்டுப்பற்றில் பேசவில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்பற்றும் துறைப்பற்றும் ஒரே சீருடைக்குள் இருக்க முடியும். ஏப்ரல் 3, சனிக்கிழமை, நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு சனிக்கிழமைக் கூட்டம் அதுதான் முதல் முறை. எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட், வாழ்நாளெல்லாம் சமாதானம் பேசியவர், அவரே தீவுவாசிகளைக் கைவிடக் கூடாது என்றார். தாட்சரின் சொந்தக் கட்சிக்காரர்கள் அவரைத்தான் வறுத்தெடுத்தார்கள். இரண்டு நாளில் வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பதவி விலகினார். அதே நாள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கப்பல்கள் கிளம்பின. விற்க ஒப்புக்கொண்ட இன்வின்சிபிளும் அதில் ஒன்று. படை கிளம்பிய பிறகு, வெறுங்கையோடு அது திரும்பினால் தாட்சர் பதவியில் நீடித்திருக்க மாட்டார். இரண்டு தலைநகரங்களிலும் ஒரே நேரத்தில் தாழ்ப்பாள் விழுந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். மே 2 அன்று அர்ஜென்டினப் போர்க்கப்பல் பெல்கிரானோ மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலை எக்ஸோசெட் தாக்கியது; 20 பேர் பலி. புவெனஸ் அயர்ஸில் "நாம் வென்றுகொண்டிருக்கிறோம்" என்று பத்திரிகை அட்டைகள் கத்தின. தொலைக்காட்சியில் இருபத்து நான்கு மணி நேர நிதி திரட்டும் நிகழ்ச்சி. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜூன் 13 அன்று உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா பெல்ஜியத்திடம் தோற்றது. மறுநாள் தீவில் படை சரணடைந்தது. மொத்தம் 649 அர்ஜென்டினர்கள், 255 பிரிட்டிஷ் படையினர், மூன்று தீவுவாசிகள் உயிரிழந்தார்கள். ஜூன் 15 அன்று மாயோ சதுக்கத்தில் மறுபடி கூட்டம் கூடியது. மறுபடி கண்ணீர்ப்புகை. அந்த வாரமே கால்தியேரி பதவி இழந்தார். 1983 அக்டோபரில் தேர்தல் வந்தது.

இங்கே உங்கள் மாணவன் விடமாட்டான். "அப்படியானால் ஜெயித்தவருக்கு லாபம்தானே?" என்பான். 1983இல் தாட்சர் 144 இடங்கள் பெரும்பான்மையோடு வென்றார் என்பது உண்மை. ஆனால் அவருடைய கட்சியின் ஓட்டு 1979இல் 43.9 சதவீதம், 1983இல் 42.4. குறைந்திருக்கிறது! எதிர்ப்பு ஓட்டு தொழிற்கட்சிக்கும், சமூக ஜனநாயகக் கட்சி இருந்த புதிய கூட்டணிக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்ததால் கிடைத்த வெற்றி அது. பொருளாதாரம் போருக்கு முன்பே மெல்லத் தலைதூக்கத் தொடங்கிவிட்டது என்றும், வெற்றியில் போரின் பங்கு சிறிதே என்றும் வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் போர் அவருக்கு உதவியது. ஆனால் பிளவுபட்ட எதிர்க்கட்சி இன்னும் அதிகம் உதவியது. ஓட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு மாணவர்களையே சண்டை போட விடுங்கள்.

இன்னொரு உதாரணமும் அவசியம். இல்லாவிட்டால் எல்லா ராணுவ ஆட்சியும் போரில்தான் முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு முன்னால், 1978 டிசம்பரில், இதே அர்ஜென்டின ராணுவ ஆட்சி பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக சிலி மீது பாயத் தயாராக இருந்தது. கப்பல்கள் கிளம்பியும்விட்டன. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் தூதர் அனுப்புவதாகச் சொன்னார், கப்பல்கள் திரும்பின. போருக்குத் துடித்த தளபதிகள் அன்றும் இருந்தார்கள், கொடுமையும் கொஞ்சமும் குறைவில்லை. ஆனால் கத்தோலிக்க நாட்டில் போப்பின் பேச்சைக் கேட்டு நின்றவரைக் கோழை என்று யாரால் சொல்ல முடியும்? மரத்தில் ஏறியவருக்கு யாரோ ஏணி வைத்தார்கள், இறங்கிவிட்டார். 1984இல் அந்தச் சிக்கலுக்கு ஒப்பந்தம் வந்தபோது அர்ஜென்டின மக்கள் வாக்கெடுப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் அதை ஆதரித்தார்கள். 1982இல் போப் வந்து சேர்ந்தபோது ஜூன் 11. சரணடைய மூன்றே நாள் இருந்தது.

மாயோ சதுக்கத்துத் தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் பாடத்தை முடிக்காதீர்கள். ஊரே கொடி பிடித்த அந்த வாரங்களிலும் அவர்கள் வியாழக்கிழமை நடையை நிறுத்தவில்லை. அவர்கள் பிடித்த பலகையில், "மால்வினாஸ் அர்ஜென்டினாவுக்குச் சொந்தம், காணாமல் போனவர்களும்தான்" என்று இருந்தது. தேசப்பற்றுக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, அதே தேசப்பற்றின் மொழியிலேயே கணக்குக் கேட்ட வரி அது. அதை மாணவர்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாடம் நடத்தும்போது மார்ச் 26, மார்ச் 30, ஏப்ரல் 2 என்ற மூன்று தேதிகளில் முதலில் பின்னிரண்டை மட்டும் பலகையில் எழுதுங்கள். மாணவர்கள் முடிவுக்கு வந்து, பையன் தன் அப்பா வென்றுவிட்டதாகச் சிரிக்கும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு மார்ச் 26ஐ எழுதுங்கள். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒன்றில் முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். வீட்டுப் பாடமாக அப்பாவிடம் கேட்டு வர ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்புங்கள்: ஏப்ரல் 3 அன்று கால்தியேரி படையைத் திரும்ப அழைத்திருந்தால், சதுக்கத்தில் கைதட்டியவர்களில் அப்பாவும் ஒருவராக இருந்திருந்தால், என்ன செய்திருப்பார்? என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.